மட்டாயோவின் அலாரம்

சவப்பெட்டியின் முன்பாதி கூடத்துக்குள்ளும் பின்பாதி வாசலிலும் இருந்த சமயத்தில் அலாரம் அலறியது.

தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூடத்தைச் சுற்றித் தொங்கிய சர விளக்குகள் பட்டென்று அணைந்தன. மின்விசிறிகள் சோம்பலாக இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓய்ந்தன. சமையல்கட்டில் ஐஸ் பெட்டிகளின் முனகல் அறுந்தது. பாடகர் குழுவுக்காக இரவல் வாங்கி வைத்திருந்த ஒலிபெருக்கி ஒரு விக்கல் எடுத்துவிட்டு அடங்கியது. வீட்டில் உயிரோடு இருந்தது அந்த அலாரம் ஒன்றுதான். காதைக் கிழித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், ஒரே சுருதியில்.

"பெனினா! அந்தச் சனியன நிறுத்துடி!"

கத்தியது அவள் அண்ணன் ஃபெரெடி. பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் அவன் தோளில் இருந்தது. ஆக்லாந்திலிருந்து விமானம், அப்புறம் கப்பல் என்று மாறி மாறி வந்து, நேற்றுத்தான் சவாயி தீவில் கால் வைத்திருந்தான். புது வெள்ளைச் சட்டை இப்போதே முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பெனினா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவர் முழுவதும் கூரையிலிருந்து தரை வரை வெள்ளை லேஸ் துணி. சாவு வீட்டில் சுவர் வெறுமையாகத் தெரியக்கூடாது. அத்தைமார்கள் விடியற்காலையிலிருந்து தைத்து மாட்டியது. அதன் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். சுவிட்ச் பலகைக்கு மேலே இருந்த வட்டமான வெள்ளை டப்பாவைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

அலறல் நின்றது. சமையல்கட்டிலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

"மட்டாயோவுக்கு வரவேற்பு பலமா இருக்கே!"

"பின்ன? அவரு கையால செஞ்ச மெஷினு. முதலாளி வந்தா சல்யூட் அடிக்காதா?"

சிரிப்பை யாரோ வாயைப் பொத்தி அடக்கினார்கள்.

பெனினா சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கை சுவிட்ச் பலகையின் மரப்பெட்டி மேல் இருந்தது. சுட்டது. கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்குகள் எரிந்தன. அப்பா முழுதாக வீட்டுக்குள் வந்தார்.

காலையிலிருந்து இதே கதைதான்.

மட்டாயோ துறைமுகத்து மீன் கிடங்கில் மின்சார வேலை பார்த்தவர். அந்தக் கிடங்கு ஒரு முறை தீப்பிடித்தது. அலாரம் ஒழுங்காகத்தான் அடித்ததாம். அடித்துக்கொண்டே இருந்ததாம். யாராவது ஓடிவந்து கரண்டை நிறுத்துவதற்குள் கூரை இறங்கிவிட்டது. "வெறும் வாய் இருந்தா போதாது, அதுக்குக் கையும் இருக்கணும்" என்று சொல்லி, வேலையை விட்டபிறகு தன் வீட்டுக்கு அவரே செய்துகொண்டது இது. பலகைக்கு மேலே சூட்டை உணரும் அலாரம். அதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு வயர். அதன் மறுமுனையில் மெயின் சுவிட்சைத் தட்டிவிட ஒரு சின்னக் கம்பிச்சுருள். வயர்கள் சூடேறினால் அலாரம் கத்தும். கத்திய கையோடு மெயினும் விழும். ஆள் வேண்டாம்.

போன வாரமும் ஆள் இல்லாமல்தான் அது வேலை செய்தது.

பால் பவுடர் தீர்ந்துவிட்டது என்று பெனினா ரோட்டோரக் கடைக்குப் போயிருந்தாள். கைக்குழந்தை ஃபெடு பக்கத்து அறையில் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் அப்பா நாற்காலியில். நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமாக அவருக்கு அந்த நாற்காலிதான் வீடு, ஊர் எல்லாம். பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரி மெஷின். அதன் குழாய் மூக்கில். கரண்ட் போனால் உதவிக்கு ஒரு சிலிண்டர், நாற்காலியை ஒட்டி.

திரும்பி வரும்போது பலாமரத்தடியிலேயே அலாரம் கேட்டது. பவுடர் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தில் வயர் கருகிய நாற்றம். வலைக்குள் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு அலாரத்தை நிறுத்தினாள். அதன்பிறகு வீட்டில் குழந்தையின் விம்மலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அப்பாவின் தாடை மார்பில் பதிந்திருந்தது.

"தூக்கத்துலயே போயிருப்பாரு. கரண்ட் போனதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் அது வேறு உருவம் எடுத்தது. மட்டாயோ செஞ்ச மெஷினே மட்டாயோவ முடிச்சிருச்சு. கப்பல் துறையில் சொன்னார்கள், சர்ச்சில் சொன்னார்கள், ஆக்லாந்துக்கு ஃபோன் போட்டும் சொன்னார்கள்.

மறுக்கப் பெனினாவிடம் என்ன இருந்தது?

பெட்டியைத் திறந்து, அடுக்கிய பாய்களின் மேல் அப்பாவைக் கிடத்தி, மாலைகளைப் போட்டு முடித்ததும் ஃபெரெடி சமையல்கட்டுக்கு வந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"அந்த அலாரத்தக் கழட்டிடறேன்."

"அண்ணே, வேண்டாம்." பெனினா வழியை மறித்தாள். "சுவிட்ச் பெட்டி தொட்டாலே சுடுது. எத்தனை ஐஸ் பெட்டி ஓடுது பாரு! பக்கத்து வீட்டோடது ரெண்டையும் அவங்க வீட்டுலயே ஓட விடலாம். இல்ல, பலகைக்கு மேல இருக்கிற துணியாவது எடுத்துடலாம். காத்தே போகல அதுக்கு."

"துணிய எடுக்கறதா?" அடுப்பருகே கறி டின்களை உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். "பெரிய மனுஷங்க உக்கார்ற சுவர்ல வயரும் டப்பாவும் பல்ல இளிச்சுக்கிட்டுத் தெரியணுமா? இது சாவு வீடா, ரேடியோ ரிப்பேர் கடையா?"

"அப்ப ஐஸ் பெட்டி..."

"கறி நாறிப்போனா வர்ற சபைக்கெல்லாம் எதைக் குடுத்து அனுப்புவ? உன் அலாரத்தையா?"

பௌலோ பெரியப்பா உள்ளே வந்தார். அப்பாவின் அண்ணன், குடும்பத்துக்குத் தலைவர். வேட்டிபோலச் சுற்றிய வெள்ளை லாவலாவா, அதன் மேல் கறுப்புக் கச்சை. வந்ததிலிருந்து யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எல்லாரும் பயந்தார்கள்.

"மூணு சபைப் பாடகரும் வராங்க. ஜெபத்துக்கு நடுவுல இது கத்தினா நாளைக்கு நான் ஊர் கூட்டத்துல போய் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்கார்றது? என் தம்பி உயிரோட இருந்தப்பவே என்னைப் பேச விட்டதில்ல. இப்பவுமா?"

"பெரியப்பா, அது காரணம் இல்லாம கத்தாது."

"அன்னைக்கும் காரணத்தோடதான் கத்துச்சோ?" என்றான் ஃபெரெடி.

டின் உடைத்தவள் டின்னைப் பார்த்தாள்.

"நீ அதுக்கு வக்காலத்து வாங்காத, பெனினா. அது அப்பாவ..." ஸ்க்ரூ டிரைவரைக் கை மாற்றிக்கொண்டான். "எனக்கு முக்காலிய மட்டும் பிடி. போதும்."

அவள் பிடித்தாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியம். லேசுக்குப் பின்னால் அண்ணன் சிவப்பு வயரை இரண்டு பக்கமும் பிடுங்கினான். வெள்ளை டப்பாவைத் திருகி எடுத்து மாடத்தில் கவிழ்த்தான். துணியை மறுபடி இழுத்துச் சமமாக விட்டான். சுவர் அழகாக இருந்தது.

"பாத்தியா?" என்றான். "ஒண்ணும் ஆகல."

கடைசிக் கப்பலில் டெலேசியா அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அக்கா. வேனிலிருந்து வாசல் வருவதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்து உதடு நீலம் பூத்துவிட்டது. பெனினா அவளைப் பக்கத்து அறைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, மூலையில் துணி போட்டு மூடியிருந்த அப்பாவின் ஆக்சிஜன் மெஷினைச் சுவரில் மாட்டினாள். சிலிண்டரும் அங்கேயேதான் நின்றது. ஆஸ்பத்திரி இன்னும் எடுத்துப் போகவில்லை.

"தம்பி மூக்குல இருந்த குழாயா?" அத்தை இரைப்புக்கு நடுவே கேட்டாள்.

"புதுசு இருக்கு அத்தை, பிரிக்கிறேன்."

"எதா இருந்தா என்ன! அவன் வாயில இருந்த மிட்டாயவே பிடுங்கித் தின்னவ நான்." பெனினாவின் கையைத் தட்டினாள். "நீ போ. அந்தப் பயல என் பக்கத்துல போட்டுட்டுப் போ. அவன் தூங்கட்டும், நான் மூச்சு விடறேன்."

குழந்தையை அத்தையின் பக்கத்தில் கிடத்திவிட்டு பெனினா வெளியே வந்தபோது முதல் குழு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அதே நேரத்துக்கு மழையும் வந்தது. சவாயி மழை முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. தகரக் கூரையில் ஜல்லி கொட்டியதுபோல் இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகளை அவசரமாகச் சாத்தினார்கள். வெளியே பந்தலில் உட்கார வேண்டியவர்களும் உள்ளே நெருக்கி உட்கார்ந்தார்கள். நாலு மணிக்கே கூடம் இருட்டியது. இருட்டியதும், அணைத்து வைத்திருந்த இன்னும் இரண்டு விளக்குகளை யாரோ போட்டார்கள். கீபோர்டு உயிர்பெற்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. பாடகர் குழுவை நடத்தும் லோசா அம்மா தன் பெருத்த உடம்பைத் தூக்கி நிமிர்ந்து, ஒரு விரலை உயர்த்தினாள்.

பாட்டு எழுந்தது. ஆண்கள் அடியில், பெண்கள் மேலே, நடுவில் மழை.

பெனினா வாசல் பக்கமாகப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். லேஸ் துணி. அதன் கீழே வரிசையாக, சம்மணம் போட்டு, குடும்பத் தலைவர்கள். அதுதான் மரியாதையான இடம். அவர்கள் தலைக்கு நேர் மேலே, துணிக்குப் பின்னால், வாயும் கையும் பிடுங்கப்பட்ட பலகை.

இரண்டாவது பாட்டின் நடுவில் மூக்கில் ஏதோ உறைத்தது.

மீன் கருகும் வாசனை.

பக்கத்துப் பெண்ணின் காதருகே குனிந்தாள். "உள்ள மீன் வறுக்கிறாங்களா?"

"அது அப்பவே முடிஞ்சுது. பசிக்குதா?"

மின்வயர் கருகினா மீன் நாத்தம்தான் வரும், மீன் தின்னுறவன் வீட்டுல அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். அப்பா இதைச் சலிக்கச் சலிக்கச் சொன்னவர். இந்த ஊரில் எந்த வீட்டில் எப்போது மீன் வாசனை இல்லை? இங்கே கூடியிருக்கிற அத்தனை மூக்குகளும் அதை முகர்ந்துவிட்டு, சாப்பாடு தயாராகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்து, "துலோ... துலோ..." என்று முணுமுணுத்தபடி ஆட்களுக்கு நடுவே ஊர்ந்தாள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் வருகிற மரியாதை அது. அண்ணனின் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள்.

"அண்ணே. வயர் கருகுது."

"சமையல்கட்டு வாசனை."

"இல்ல. எழுந்து போய் மெயின ஆஃப் பண்ணு. நீ ஆம்பள, நீ போனா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"பெரியப்பா பேசப் போறாரு. உக்காரு."

"அண்ணே, உள்ள அத்தை இருக்கா. ஃபெடு இருக்கான்."

"பெனினா." அவன் உதடு அசையாமல் பேசினான். "என் அப்பாவ ஒழுங்கா வழியனுப்ப விடு. இன்னைக்கு ஒரு நாள்."

பாட்டு முடிந்தது. பௌலோ பெரியப்பா உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தினார். வந்த சபைக்குப் பதில் சொல்லும் பேச்சு. பழைய வார்த்தைகள், நீண்ட வாக்கியங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவார்கள்.

பெனினா துணியைப் பார்த்தாள்.

வெள்ளைக்கு நடுவே ஒரு மஞ்சள் கறை. டீ சிந்தியதுபோல. முன்பு இருந்ததா? இல்லை. இருந்திருந்தால் அத்தைமார்கள் அந்தத் துணியை மாட்டியிருக்கவே மாட்டார்கள்.

"...கடல் கடந்து வந்த பாதங்களுக்கும், கடல் கடக்காமல் வந்த பாதங்களுக்கும்..." பெரியப்பாவின் குரல் ஏறி இறங்கியது.

கறை பழுப்பானது.

பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள். பாதி சாத்தியிருந்தது. குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு ஒரு கிழவி, அவள் இடுப்பை ஒட்டி ஒரு குழந்தை. கூடத்துக்கு ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கூரையிலிருந்து தரை வரை லேஸ், பாய், மரப்பட்டைத் துணி. சுள்ளி அடுக்கியதுபோல.

பழுப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது.

பெனினா எழுந்தாள்.

குனியவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. நிமிர்ந்து, நேராக, பெரியப்பாவுக்கும் அவர் பேசிக்கொண்டிருந்த சபைக்கும் நடுவே நடந்தாள். முக்காலியை எடுத்தாள். "என்ன இது?" என்று யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். இரண்டு தலைவர்களின் முழங்கால்களுக்கு நடுவே முக்காலியைப் போட்டாள். அப்பாவின் உடலுக்கும், ஊர்ப் பெரியவர்களின் தலைகளுக்கும் மேலே அவள் கால்கள் ஏறி நின்றன.

"பெனினா!" ஃபெரெடி பாய்ந்து வந்தான்.

லேசைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். தையல் படபடவென்று விட்டது. துணி முழுநீளமும் சரிந்து, விருந்தாளித் தலைவர் ஒருவரைத் தலையோடு மூடியது. மரப்பெட்டியின் இடுக்கிலிருந்து புகை ஒரு நூலாக நெளிந்தது. உள்ளே ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. மெயின் சுவிட்சைத் தொட்டதும் விரல் சுரீரென்றது. பாவாடை நுனியைச் சுருட்டிப் பிடித்து, முழு பலத்தோடு கீழே அடித்தாள்.

எல்லாம் அணைந்தது.

மழையின் சத்தம் மட்டும். அடுத்த நொடி அதைப் பிளந்துகொண்டு பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பீப். பீப். பீப்.

கூர்மையாக, விடாமல், ஊசியால் குத்துவதுபோல.

"அது என்ன எழவு?" என்றான் ஃபெரெடி.

"ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனா கத்தும். பேட்டரி இருக்கு அதுல." பெனினா முக்காலியிலிருந்து குதித்தாள். "அத்தை!"

இருவரும் அறைக்குள் ஓடினார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழத் தயாராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. அத்தை குழாயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல அந்தக் கத்தல நிறுத்துங்க. செத்தவனும் எழுந்துருவான்."

ஃபெரெடி சுற்றுமுற்றும் பார்த்தான். சிலிண்டர் கண்ணில் பட்டது. அதன் திருகில் கையை வைத்தான்.

"திறக்காத!"

அது தன் குரல் என்றே பெனினாவுக்குத் தெரியவில்லை.

"ஏன்? அத்தைக்கு மூச்சு..."

"திறக்காதண்ணே. வயர் இன்னும் புகையுது. தீ நாத்தம் அடிக்கிற வீட்டுல ஆக்சிஜனத் திறந்தா வீடே..." இவை அவளுடைய வார்த்தைகள் இல்லை. மெழுகுவர்த்தியோடு ஜெபிக்க வந்த போதகர் மனைவியை வாசலோடு விரட்டியபோது அப்பா சொன்ன வார்த்தைகள், எழுத்து மாறாமல். "அத்தைய வெளில கூட்டிட்டுப் போகலாம். வெறுங்காத்து போதும் இப்ப."

ஃபெரெடி கையை எடுத்தான். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது.

"இதையாவது நிறுத்தலாமா?"

"அதோட பக்கவாட்டுல சுவிட்ச் இருக்கு. கையாலதான் அணைக்கணும். இல்லாட்டி விடிய விடியக் கத்தும்."

அவன் குனிந்து சுவிட்சை அழுத்தினான். சத்தம் அறுந்தது.

பெனினா மெஷினைப் பார்த்தாள்.

இந்த நிசப்தம் அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலாரத்தை நிறுத்தியதும் வீட்டில் இருந்த அதே நிசப்தம்.

"அண்ணே." அவன் தோளைத் தொட்டாள். "அன்னைக்கு நான் வந்தப்ப இது கத்தல."

"எது?"

"இந்த மெஷின். மேல இருந்த அலாரம் மட்டும்தான் கத்திச்சு. அத நிறுத்தினதும் வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."

ஃபெரெடியின் விரல் இன்னும் அந்தச் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அதை அவன் பார்த்தான். மெஷினிலிருந்து சிலிண்டரைப் பார்த்தான்.

"நாற்காலி எங்க கிடந்துச்சு?"

"கூடத்துல. அதுக்கு இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் சிலிண்டர்."

"சிலிண்டர் கைக்கு எட்டுமா?"

"மெஷின் சுவிட்ச விடக் கிட்ட. கரண்ட் போறப்பெல்லாம் அவரே திறந்துக்குவாரு. கரண்ட் கம்பெனிக்காரன நாலு கெட்ட வார்த்தை திட்டிக்கிட்டே."

"நாத்தம் இருந்துச்சா அன்னைக்கு?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"ஃபெடு எங்க இருந்தான்?"

"இதே அறையில, வலைக்குள்ள." கட்டிலில் அத்தையின் மடியில் இருந்த குழந்தை, கொசுவலையின் முடிச்சை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஃபெரெடி அதையே பார்த்தான். "முழிச்சிக்கிட்டே இருந்து, இத நிறுத்திட்டு, அதத் திறக்காம இருந்திருக்காரு" என்றான்.

"என்னங்கடா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அத்தை. "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அத்தை." ஃபெரெடி அவளை அப்படியே இரண்டு கையிலும் தூக்கினான். "வாங்க, வாசலுக்குப் போகலாம்."

"இறக்குடா! ஆக்லாந்து பர்கர் தின்ன உடம்பு, மூச்சு வாங்குது பாரு உனக்கு. அடுத்த குழாய் உனக்குத்தான் மாட்டணும்."

கூடத்தில் யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். மழைக்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போனது. பலகையை யாரும் தொடவில்லை. விருந்தாளித் தலைவர் தலையிலிருந்து லேசை விலக்கிக்கொண்டு, சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சபையும் மூன்றாவது சபையும் குடைகளோடு வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தன. எல்லாப் பார்வையும் பெனினா மேல்.

அவள் பெரியப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டாள். தலையைத் தாழ்த்தினாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தாள். தலைக்கு மேலே நின்றவளுக்கு அதுதான் முறை.

பௌலோ பெரியப்பா சரிந்து கிடந்த துணியை முழம் முழமாகத் தன் பக்கம் இழுத்தார். கருகிய இடம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கறுப்பு. அதில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். தொட்ட இடம் பொடிந்து அவர் மடியில் விழுந்தது. மேலே கூரையைப் பார்த்தார். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் துணியைச் சின்னதாக மடித்து, கருகல் வெளியே தெரியாதபடி, தன் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"நான் எதுல விட்டேன்?" என்று கேட்டார், பொதுவாக.

"பாதங்கள்ல, ஐயா" என்றார் லேசுக்குள்ளிருந்து வந்தவர்.

"ஆமா. கடல் கடந்து வந்த பாதங்கள்."

பேச்சை முடித்தார். முடித்துவிட்டு லோசா அம்மாவைப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்தாள். அது கறுப்புப் பலகையாகக் கிடந்தது.

"சுருதி எங்க இருந்து பிடிக்கிறது?" என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான்.

"உன் வாயிலருந்து. அது எப்பவும் திறந்துதானே இருக்கு" என்றாள் லோசா அம்மா. விரலை உயர்த்தினாள்.

பெனினா நிமிர்ந்தபோது பாட்டு நடுவில் இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவளைத் தடுக்க அவள் வாயைத் திறப்பதற்குள், ஃபெரெடியின் கை நீண்டு தீப்பெட்டியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அவன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மின்விசிறி நின்றதிலிருந்து கூடத்தில் புழுக்கம் ஏறிவிட்டது. முதல் ஈ மாலைகளை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

யாருடைய கையிலிருந்தோ ஓர் ஓலை விசிறியை வாங்கினான். அவன் வீசத் தொடங்கினான். முதலில் ஈயை விரட்ட, வேகமாக. பிறகு ஈ போனபின்பும், மெதுவாக, ஒரே சீராக, அப்பாவின் முகத்துக்கு நேரே.

ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் நெற்றியிலிருந்த நரைமுடி ஒன்று எழுந்தது, படிந்தது, எழுந்தது.